சி.பி. பிள்ளைகளும் சிகிச்சை ஆராய்ச்சியும்: குமரி எல்லையில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெற்றோருக்கு மருத்துவம் இரண்டு திசையில் இருக்கிறது. இந்தப் பக்கம் நாகர்கோவிலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும், அந்தப் பக்கம் களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். நடுவில் ஊருக்கு ஊர் வைத்தியசாலை, வர்ம ஆசான், ‘ஆறு மாசத்தில் நடக்க வைக்கிறோம்’ என்று சொல்லும் தனியார் சென்டர். குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் என்னிடம், சி.பி. (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு) உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கேட்டபடியே இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எது என்பதைப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

சி.பி. முழுசா குணமாகுமா, அக்கா?

ஆகாது. கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த சில மாதங்களிலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு அது. அந்தப் பாதிப்பு மேலும் பரவாது, மறையவும் செய்யாது. ஆனால் அதன் விளைவுகளான தசை இறுக்கம், மூட்டுக் கோணல், வலி, விழுங்குவதில் சிரமம் ஆகியவை காலத்தோடு மாறும். ஆராய்ச்சி நடப்பதெல்லாம் அவற்றைப் பற்றித்தான். ஆயிரம் பிறப்புக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வருகிற நிலை என்பதால் நீங்கள் தனி ஆளும் இல்லை.

எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சென்டருக்குப் போயி ஒரு வருசத்துல நடந்துட்டான். இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?

அவன் நடந்தது உண்மை. சென்டரால்தான் நடந்தானா என்பதுதான் கேள்வி.

சி.பி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. கனடாவில் ராபர்ட் பாலிசானோவும் உடன் இருந்தவர்களும் 1997இல் ஐந்து நிலைகளாக ஒரு பகுப்பு கொடுத்தார்கள். ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று உங்கள் பிள்ளையின் சீட்டிலும் எழுதியிருப்பார்கள். முதல் நிலைப் பிள்ளை ஓடும், படியேறும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலை நிற்பதே பாடு. 2002இல் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து அளந்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வளர்ச்சிக் கோடு வரைந்தார்கள். தங்களால் எட்டக்கூடிய பெரிய அசைவுத் திறன்களில் தொண்ணூறு சதவீதத்தை முதல் நிலைப் பிள்ளைகள் ஏறத்தாழ ஐந்து வயதுக்குள்ளும், ஐந்தாம் நிலைப் பிள்ளைகள் மூன்று வயதுக்கு முன்பும் எட்டிவிடுகிறார்கள் என்று தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாம் நிலையாக இருந்து, இரண்டரை வயதில் அந்த சென்டருக்குப் போயிருந்தால், போகாவிட்டாலும் அந்த வருடம் அவன் நடந்திருக்கலாம். வளர்கிற பிள்ளை எதைக் கொடுத்தாலும் முன்னேறும். அதனால்தான் ‘முன்னேறினானா’ என்று கேட்டு நிறுத்தாமல், ‘இதைப் பெறாத அதே மாதிரிப் பிள்ளைகளை விட முன்னேறினானா’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஆக்சிஜன் அறை. அழுத்தம் கூட்டிய அறையில் பிள்ளையை வைத்துத் தூய ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சை. இன்றைக்கும் பெரிய பணத்துக்கு விற்கிறார்கள். கனடாவின் கியூபெக்கில் 111 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அதைக் கொடுத்தார்கள். மறுபாதிக்கு லேசாக அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்று. எந்தப் பிள்ளைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. 2001இல் வெளியான முடிவு: இரண்டு கூட்டமும் முன்னேறியது, ஒரே அளவுக்கு. ஆக்சிஜன் வாங்கிய வீட்டார் மட்டும் இருந்திருந்தால் எல்லோரும் அது வேலை செய்கிறது என்றுதான் சத்தியம் செய்திருப்பார்கள். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆசை, கூடுதல் கவனம், தினமும் வெளியே கூட்டிப் போவது, மற்றப் பிள்ளைகளோடு இருப்பது, இவையும் பிள்ளையை மாற்றும்.

அப்போ பிசியோதெரபியே வேலை செய்யுமா செய்யாதா?

என் பிழைப்பையே கேட்கிறீர்கள். பரவாயில்லை, கேட்க வேண்டியதுதான்.

எல்லா பிசியோதெரபியும் ஒன்று இல்லை. 1988இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. இரண்டு காலும் இறுகிய 48 கைக்குழந்தைகள். ஒரு கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் உலகமெங்கும் பேர்பெற்றிருந்த, தெரபிஸ்ட் கையால் பிடித்து அசைவைச் சரிசெய்யும் முறை ஒரு வருடம். மற்றக் கூட்டத்துக்கு முதல் ஆறு மாதம் விளையாட்டும் தூண்டுதலும், பிறகுதான் அந்தத் தெரபி. ஒரு வருட முடிவில் இரண்டாவது கூட்டத்தில்தான் நடந்த பிள்ளைகள் அதிகம். எங்கள் துறைக்கு அது நல்ல அடி. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பல இடங்களில் பிள்ளையைப் படுக்கவைத்துக் கைகாலை மடக்கி நீட்டி அனுப்பும் வழக்கம் மாறவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஐயோனா நோவாக்கும் சகாக்களும் உலகெங்கும் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து, 2013இலும் பிறகு 2020இலும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் டிராஃபிக் விளக்கு போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தார்கள். பச்சையில் வந்த பயிற்சிகளைப் பார்த்தால் ஒரு பொதுக் குணம் தெரியும்: அசைவைத் தொடங்குவது பிள்ளை. செய்கிற வேலை நிஜமானது. கட்டிலில் இருந்து இறங்குவது, கரண்டியைப் பிடிப்பது, சட்டையில் கை நுழைப்பது. அதையே திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கிச் செய்ய வைப்பது. ஆக்சிஜன் அறைக்குப் பச்சை கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பக்கம் மட்டும் பாதித்த பிள்ளைகளுக்கு நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டோ கட்டியோ வைத்து, பலவீனமான கையை விளையாட வைக்கும் முறை உண்டு. நன்கு சோதிக்கப்பட்டது. டெல்லி எய்ம்ஸில் நம் நாட்டுப் பிள்ளைகளிடமும் செய்து, 2013இல் நல்ல முடிவு வெளியிட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து வேலை வாங்கும் பயிற்சியும் கிட்டத்தட்ட அதே பலன் தரும். நம் வீட்டில் தேங்காய்ச் சிரட்டை, பயறு, சப்பாத்தி மாவு இவையே போதும். நல்ல கையைக் கட்டினால் பிள்ளை அழும். முதல் நாளே அரை நாள் கட்டாதீர்கள்.

வீட்டுல தினமும் மூணு மணி நேரம் செய்யணும்னு சொல்லி அனுப்பினாங்க. சோறு பொங்கவா, பயிற்சி செய்யவா?

மூன்று மணி நேரம் தொடர்ச்சியாகத் தேவையில்லை. வீட்டுப் பயிற்சியைப் பற்றி நல்ல ஆய்வு 2009இல் வந்தது. பெற்றோரே இலக்கைத் தேர்ந்தெடுத்து, எட்டு வாரம் செய்தார்கள். மாதத்தில் ஏறத்தாழ 17 தடவை, ஒரு தடவைக்குக் கால் மணிக்குச் சற்று அதிகம். அதற்கே கணிசமான பலன் தெரிந்தது. மிக முக்கியமான வார்த்தை ‘பெற்றோரே தேர்ந்தெடுத்த’ என்பது. தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த பத்துப் பயிற்சிகளை விட, ‘ஸ்கூல் பெஞ்சில் தானே உட்காரணும்’ என்று நீங்களும் பிள்ளையும் வைத்த ஒரு இலக்கு கூடுதல் தூரம் போகும். குளிப்பாட்டும்போது, உடுப்பு மாற்றும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையின் அசைவையும் நுண்வேலையையும் கற்பதற்கு அதிக மணி நேரம் வேண்டும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது விளையாட்டாக, நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிற நேரம்.

உழிச்சில் (எண்ணெய்த் தடவல்), ஞவரக்கிழி (அரிசிக் கிழி ஒத்தடம்), வர்மம் இதெல்லாம்?

இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்காமல் என்னிடம் மட்டும் ரகசியமாகக் கேட்கிறார்கள். டாக்டர் திட்டுவார் என்ற பயம்.

இந்த மாதிரி எண்ணெய், கிழி சிகிச்சைகள் சேர்ந்த பஞ்சகர்மம் சி.பி.க்கு என்ன செய்கிறது என்று ஆயுர்வேதக் கல்லூரிகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் சில பத்துப் பிள்ளைகள், குறுகிய காலம், பல ஆய்வுகளில் ஒப்பிட வேறு கூட்டம் இல்லை. இறுக்கம் குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது என்று எழுதுகிறார்கள். நம்பக்கூடியதுதான். சூடான எண்ணெய், மெல்லத் தடவும் கை, அதில் யாருக்குத்தான் தளராது? அந்தத் தளர்வு எத்தனை நாள் நிற்கும், அதனால் பிள்ளை புதிதாக ஒரு வேலையைச் செய்யக் கற்றதா என்பதற்கு அந்த ஆய்வுகளில் பதில் போதாது. வர்மத்துக்கும் இதே நிலைதான். ஆசான்மார் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஒப்பீட்டு ஆய்வு என்ற தட்டில் வைத்தால் இன்னும் எடை வரவில்லை.

உருக்கெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. மூன்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். ஒன்று, வலிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்தது, நிற்காத பிள்ளையின் எலும்பு சுண்ணாம்புச் சத்துக் குறைந்து மெலிந்திருக்கும். ஓங்கி அழுத்தினால், வேகமாக முறுக்கினால் தொடை எலும்பே முறியும். மூன்றாவது, வாய் வழி மருந்தில் உலோகம் உண்டா என்று கேளுங்கள். 2004இல் பாஸ்டனில் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் மூளைக்கு விஷம். ஏற்கெனவே பாதித்த மூளை.

இதில் எதைச் செய்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆய்வில் சேர்ந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்தால் பிள்ளைக்கும் ஆபத்து, ஆய்வின் முடிவும் பிசகும்.

ஸ்டெம் செல் போட்டா மூளை வளருமாமே? நிலம் ஒண்ணு இருக்கு, வித்திரலாமான்னு அவிங்க அப்பா கேக்காரு.

விற்க வேண்டாம்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. சி.பி.க்கு என்றால் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான். ஆய்வு என்றால் அதற்குப் பிள்ளை வீட்டாரிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் ரசீது போட்டுவிட்டு ‘இது ரிசர்ச்’ என்று சொல்வது இரண்டு பக்கமும் பொய்.

உண்மையான ஆய்வு நடக்கவில்லை என்று இல்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 63 பிள்ளைகளுக்கு, ஸ்டெம் செல் உள்ள அவர்களின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிப் பார்த்து 2017இல் எழுதினார்கள். முதல் வருடத்தில் அதைப் பெற்றவர்களுக்கும் இன்னும் பெறாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. அணுக்கள் அதிக அளவில் ஏறிய பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஆராய்கிறார்கள். விளம்பரத் தாளில் போடும் ‘அதிசயம்’ அதில் இல்லை.

போடாக்ஸ் ஊசி, ஆபரேசன் இதெல்லாம் அவசியமா?

போடாக்ஸ் இறுக்கத்தை மூன்று நான்கு மாதம் தளர்த்தும், அவ்வளவே. அந்த மாதங்களில் பயிற்சியும் கட்டும் சேர்ந்தால்தான் ஊசிக்கு அர்த்தம். ஊசி போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் பணம் போனதுதான் மிச்சம்.

இதை விட நான் பேச நினைப்பது இடுப்பு மூட்டைப் பற்றி. யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி. சி.பி. பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல வெளியே நகரும். ஆஸ்திரேலியாவில் எடுத்த கணக்கில் முதல் நிலைப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஐந்தாம் நிலையில் நூற்றுக்குத் தொண்ணூறு. ஆரம்பத்தில் வலிக்காது. வலி வரும்போது பிள்ளைக்குப் பத்து வயது இருக்கும், மூட்டு கெட்டுப் போயிருக்கும், உட்காரவும் முடியாது. தெற்கு சுவீடனில் 1994 முதல் எல்லா சி.பி. பிள்ளைகளுக்கும் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் திட்டம் கொண்டுவந்தார்கள். முன்பு நூற்றில் ஒன்பது பத்துப் பிள்ளைகளுக்கு மூட்டு முழுதாக நழுவியது; திட்டம் வந்தபின் நூற்றில் ஒன்றுக்கும் கீழே.

அங்கே உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு எக்ஸ்ரே, ஒரு நோட்டு, ஒரு அடிஸ்கேல். குழித்துறையிலும் முடியும். ‘இடுப்பு எக்ஸ்ரே எப்போ எடுக்கணும்’ என்று அடுத்த தடவை நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். பழைய படங்களைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். நாகர்கோவிலில் எடுத்ததைத் திருவனந்தபுரத்துக்கும் கொண்டு போங்கள்.

நடக்க வைக்கிற ரோபோ?

திருவனந்தபுரத்து ஜென்ரோபோட்டிக்ஸ் கம்பெனியே ஜி-கெய்ட்டர் என்று ஒன்று செய்திருக்கிறது. கருவி நல்லது, பிள்ளைக்கும் குஷி. ஆனால் அதே நேர அளவுக்குத் தரையில் நடைப் பயிற்சி செய்ததை விட ரோபோ மேல் என்று ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. அருகில், கட்டுப்படியாகும் செலவில் இருந்தால் போங்கள்.

வெளிநாட்டுல நல்லதுன்னு நிரூபிச்சா நமக்கும் நல்லதுதானே?

எப்போதும் அப்படி இல்லை. பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தையின் உடம்பை மூன்று நாள் குளிர்வித்து வைத்தால் மூளை தப்பும் என்று பணக்கார நாடுகளில் நிரூபித்து, அங்கே அதுவே வழக்கமாகிவிட்டது. இந்தியா, இலங்கை, வங்காளதேச ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். ஹீலிக்ஸ் என்று பெயர், 2021இல் வெளியானது. இங்கே மரணமும் ஊனமும் குறையவில்லை. குளிர்வித்த குழந்தைகளில் இறப்பு அதிகமாகவே இருந்தது, நூற்றில் 42. மற்றக் கூட்டத்தில் 31. அந்தச் சோதனை நடந்திராவிட்டால் நல்லது செய்கிறோம் என்று நினைத்தே செய்துகொண்டிருப்போம். நம் பிள்ளைகளிடமும் ஆய்வு நடக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குறைப்பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவது வேறு கதை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 63 தாய்மாருக்குப் போட்டால் ஒரு சி.பி. தடுக்கப்படுகிறது. விலை மலிவான மருந்து.

குழந்தை எடை குறைவாப் பிறந்து ஐ.சி.யு.வில இருந்துச்சு. எப்போ தெரபி தொடங்கணும்?

உடனே. ஒரு வயது ஆகட்டும், பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூன்று மாதக் குழந்தை தானாகக் கைகாலை அசைப்பதை வீடியோ எடுத்துப் பார்த்து, பின்னால் சி.பி. வருமா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்ல முடிகிறது. ஸ்கேனும் சேர்ந்தால் ஆறு மாதத்துக்குள் நோயறிய முடியும் என்பது 2017 முதல் உலக அளவில் ஏற்றுக்கொண்ட கருத்து.

திருவனந்தபுரத்து சைல்ட் டெவலப்மென்ட் சென்டர் நமக்குப் பக்கத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம். குழந்தையின் வளர்ச்சி பிந்துகிறதா என்று பார்க்க அவர்கள் உருவாக்கிய பதினேழு வரிச் சோதனை அட்டையை அங்கன்வாடி ஊழியரே பயன்படுத்தலாம். அதே ஊர் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீடு போன குழந்தைகளில் ஒரு பகுதிக்குத் தாய் வழியாக ஆரம்பத் தூண்டுதல் கொடுத்துச் சோதித்து, ஒன்று, இரண்டு வயதில் வளர்ச்சி மதிப்பெண் கூடுதலாக இருந்ததை 2009இல் வெளியிட்டார்கள். சி.பி.யைத் தடுக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தாய் கையால் செய்வதற்குப் பலன் உண்டு என்று சொல்கிறது.

இது சி.பி.யே இல்லாம வேற ஏதாவதா இருக்குமா?

இருக்கலாம். பிரசவத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, ஸ்கேன் சுத்தம், சொந்தத்தில் கல்யாணம், அல்லது பிள்ளைக்கு நாளாக ஆகக் குறைகிறது என்றால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் கால் முறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளில் சிலருக்கு டோபா மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய் இருக்கும். சி.பி. என்றே பெயர் வாங்கி, பிறகு அந்த மாத்திரையால் நடந்த பிள்ளைகள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு.

ட்ரையல்ல சேரச் சொல்றாங்க. எம் பிள்ளை என்ன எலியா?

கேட்கிற கோபம் நியாயம். முதலில் அங்கே கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? அதில் மருத்துவர் அல்லாத சாதாரண ஆளும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வால் தீங்கு வந்தால் யார் செலவு? மருந்து ஆய்வு என்றால் 2019ஆம் ஆண்டு விதிகள்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. பாதியில் விலகலாமா? எந்த நாளிலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பஸ் செலவு கிடைக்குமா? கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்; களியக்காவிளையிலிருந்து வாரம் இரண்டு தடவை மெடிக்கல் காலேஜ் போய் வருவது ஒரு நாள் கூலியைத் தின்னும்.

எல்லையில் இருக்கும் நமக்கு மட்டும் இன்னொன்று. சம்மதப் பத்திரம் மலையாளத்தில் வரும். நம்மில் பலர் மலையாளம் பேசுவோம், டிவி பார்ப்போம், எழுத்துக் கூட்ட வராது. நர்ஸ் சேச்சி ‘ஒப்பிடூ’ என்று அன்பாகச் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் பத்திரம் பெறுவது உங்கள் உரிமை. தமிழில் கேளுங்கள், ஒரு பிரதியை வீட்டுக்கு வாங்கி வாருங்கள், வீட்டில் படித்த யாரிடமாவது காட்டிவிட்டு மறுநாள் முடிவு சொல்லுங்கள். பிள்ளைக்கு ஏழு வயது தாண்டியிருந்தால் அவனிடமும் கேட்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். நெறி. பேச்சு வராத பிள்ளையும் முகத்தால், கண்ணால் வேண்டாம் என்று சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் நீங்கள்தான்.

சீட்டு குலுக்கி எங்களுக்கு வெறும் சாதாரண தெரபின்னு விழுந்தா நஷ்டம்தானே?

புதியது நல்லது என்று முன்பே தெரிந்திருந்தால் குலுக்கவே கூடாது. தெரியாததால்தான் குலுக்கல். ஆக்சிஜன் அறையை நினைத்துப் பாருங்கள், ஹீலிக்ஸை நினைத்துப் பாருங்கள். பயிற்சி ஆய்வுகளில் பல இடங்களில் காத்திருப்புக் கூட்டம் என்று வைப்பார்கள். சில மாதம் கழித்து அவர்களுக்கும் புதிய பயிற்சி கிடைக்கும். அப்படி உண்டா என்று சேருமுன் கேளுங்கள்.

நிஜமான ஆய்வுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தப் பதிவேடு 2007இல் தொடங்கியது. மருந்து ஆய்வுகளுக்கு 2009 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் இலவசமாகத் திறந்து யாரும் தேடலாம். எத்தனை பிள்ளைகள், எந்த வயது, எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், யார் பணம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்லிவிடும். பதிவு இருப்பதால் ஆய்வு நல்லது என்று ஆகாது. எண்ணே இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

தெரபி செலவுக்கு ஏதாவது உண்டா?

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிக்கும் சேர்த்து. யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும். மாநில அரசின் மாத உதவித்தொகை மட்டும் எல்லை தாண்டாது. ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

ஆய்வு முடிஞ்ச பிறகு முடிவை நம்மகிட்ட சொல்லுவாங்களா?

பெரும்பாலும் சொல்வதில்லை. கட்டுரை ஆங்கிலத்தில் வரும், பெற்றோருக்கு ஒரு போன் கூட வராது. சேரும் அன்றே சம்மதப் பத்திரத்தில் ‘முடிவை எனக்குத் தமிழில் தெரிவிக்கவும்’ என்று உங்கள் கையால் எழுதி, போன் நம்பரும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.